சிவப்புக் கோடுகள்

அக்காவின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து வெகுநேரம் கழித்துத்தான் வெள்ள எச்சரிக்கை போனது. வெள்ளத்தைக் கணித்துக் கொடுக்கும் நிரலை அன்று சூப்பர் கம்ப்யூட்டரில் ஓடவிட்டவள் தங்கைதான். ஓடவிட்டுவிட்டு, கணிப்பு வந்து சேராமல், அலுவலகத்தில் மற்றவர்களைப் போலவே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். மறுநாள் அக்காவின் உடல்தான் கிடைத்தது.

"மெஷின் பத்தலம்மா, இன்னும் வாங்கிப் போடுவோம்," என்றார் மேலாளர். வாங்கிப் போட்டார்கள். பிராசஸர்கள் இரண்டு மடங்கான பிறகும் நிரல் ஆமையாகத்தான் நகர்ந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வி அவளை அரித்தது. நாற்பதைத் தாண்டிய வயதில், நிரல்களின் வேகத்தை அலசும் பயிற்சி வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

முதலில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. திரையில் ஒவ்வொரு பிராசஸருக்கும் ஒரு கோடு. வேலை செய்த நேரம் பச்சை, சும்மா காத்திருந்த நேரம் சிவப்பு. தன் நிரலை அளந்து விரித்துப் பார்த்தாள். ஒரே ஒரு கோட்டைத் தவிர, மேலிருந்து கீழ்வரை சிவப்பு.

பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னக்கா இது, ஒருத்தர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பந்தியே எழுந்திருக்காம உக்காந்திருக்கு!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வரைபடத்தைச் சம சதுரங்களாக வெட்டி பிராசஸருக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார்கள். கணக்கிடத் தண்ணீரே இல்லாத காய்ந்த மேட்டு நிலம் கிடைத்தவை சட்டென்று முடித்துவிட்டன. ஆறு கடலில் கலக்கும் தாழ்நிலம் மொத்தமும் ஒன்றின் தலையில் விழுந்திருந்தது. அக்காவின் தெருவும் அந்தச் சதுரத்தில்தான்.

தாழ்நிலத்தைத் துண்டு துண்டாக்கிப் பங்கிட்டாள். கணிப்பு பாதி நேரத்துக்குள் வந்தது. மேலாளர் எல்லோரையும் கூட்டிவைத்துப் பாராட்டினார். அவளோ நேரே அத்தானிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப, இது அன்னைக்கே செஞ்சிருக்கக்கூடிய வேலையா?"

"ஆமா அத்தான். யாரும் அளந்து பாக்கல. நானும்தான்."

"கொஞ்ச நாளைக்கு நீ இங்க வராதேம்மா." குரலில் கோபம்கூட இல்லை.

அடுத்த பெருமழைக்கு எச்சரிக்கை முன்கூட்டியே போனது. சாயங்காலம் அத்தானிடமிருந்து போன். "பள்ளிக்கூட மாடிக்கு வந்துட்டோம். தெருவே காலி," என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

அதன்பிறகு அவர் கூப்பிடவேயில்லை. அவளும் போகவில்லை.