தோளில் நிற்காத கை

தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிரைவர் என்றால் அவர்தான். லாரி ஓட்டுகிறவர், வாடகைக் கார் ஓட்டுகிறவர் என்று அதே தெருவில் இன்னும் சிலர் இருந்தாலும், நகரப் பேருந்து ஓட்டிய அவருக்கே அந்தப் பட்டம் நிலைத்தது. கண்டக்டர்கள் அவர் வண்டியில் டியூட்டி கேட்டு வாங்குவார்கள். நின்றுகொண்டு வருகிற பயணி கையில் டீ டம்ளர் வைத்திருந்தாலும் ஒரு சொட்டு சிந்தாது என்று டிப்போவில் ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் மிகைதான். அவர் அதை மறுத்ததும் இல்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன்னால் நின்றார். வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "பொத்தான் வழுக்குது" என்று மனைவியிடம் சொல்லப் போனார். வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது. அவள் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள், செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் வண்டி பிடித்தாள். நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். மூளைக்குப் போகும் குழாயில் சின்ன அடைப்பு.

பேச்சு சீக்கிரமே திரும்பிவிட்டது. காலும் சரியாயிற்று. கை மட்டும், கடைசி நிறுத்தத்தில் இறங்குகிற பயணியைப் போல, அவசரமே இல்லாமல் ஆடி அசைந்து வந்தது. கையெழுத்துப் போடும் நாள் ஒன்று, கரண்டி நழுவும் நாள் ஒன்று.

பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பெண் கறாரானவள். "விரலுக்கு வேலை குடுங்க. பந்தை அமுக்கிட்டே இருந்தா சலிச்சுப்போய் விட்டுருவீங்க. பிடிச்ச வேலையா ஏதாவது பண்ணுங்க" என்றாள்.

"எனக்குப் பிடிச்ச வேலை பஸ் ஓட்டுறதுதாம்மா."

"அதுக்கு டிப்போ டாக்டர் கையெழுத்து வேணும். அதுவரைக்கும் சின்னதா ஏதாவது."

சின்னதாக ஏதாவது என்பது மனைவியின் தம்பி கையில் ஓர் அட்டைப்பெட்டியாக வந்து சேர்ந்தது. குழந்தை பிறப்பதற்கு முன்னால் அவனுக்கு அது பொழுதுபோக்கு; பிறந்த பிறகு பொழுதே இல்லை. பெட்டிக்குள் உலோகத்தில் வார்த்த சின்னஞ்சிறு குதிரைவீரர்கள். குதிரை தனி, வீரன் தனி, வாள் பிடித்த கை தனி. எல்லாவற்றையும் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டி, வண்ணம் பூசி, வரிசையாக நிறுத்த வேண்டும்.

"பொம்மை விளையாடுற வயசா மச்சான் இது?" என்று முதலில் சிரித்தார். மறுநாள் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தவர் சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. அரிசி அளவுக்கு இருந்த அந்த முகத்தில் மூக்கும் மீசையும் இருந்தன. அந்த மீசை அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டது.

ஆனால் ஒட்டினால் நிற்கவில்லை. வீரன் குதிரைமேல் உட்கார்ந்தான். வாள் பிடித்த கை தோளில் சேர்ந்தது. நன்றாக அழுத்தி, மூச்சைப் பிடித்துக் காத்திருந்து, விரலை எடுத்தால் நின்றது. வண்ணம் பூசத் தூக்கினால் 'டக்'கென்று கை மேஜையில் விழுந்தது. மறுபடி ஒட்டினார். மறுபடி விழுந்தது. பசை போதவில்லை போலும் என்று தாராளமாக விட்டார். அது வழிந்து அவருடைய கட்டைவிரலையும் குதிரையின் வாலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. மனைவி சோப்புத் தண்ணீரைச் சூடாகக் கொண்டுவந்து ஊறவைத்து எடுத்துவிட்டாள்.

"குதிரை ஏறுறவனைப் பாத்திருக்கேன். குதிரை ஏறின கட்டைவிரலை இப்பதான் பாக்குறேன்" என்றாள்.

அவரும் சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலம் ஒரு யோசனை உள்ளே நுழைந்தது. நுழைந்தது வெளியே போகவில்லை. விரலோடு ஒட்டுகிற பசை உலோகத்தில் மட்டும் ஏன் ஒட்டவில்லை? பசையின் மேல் குற்றம் இல்லை. கை நடுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாமல், தனக்கே தெரியாமல் நடுங்குகிறது. காயும் முன்னால் கை அசைந்துவிடுவதால்தான் பிடிப்பு விட்டுப்போகிறது.

ஓர் உலோகத் துண்டை ஆடாமல் பிடிக்கத் தெரியாத கைக்குப் பேருந்தின் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்களா? கொடுத்தால்தான் வாங்கலாமா? பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றுகொண்டு வருவார்களே.

அதற்குப் பிறகு அவர் உடைந்ததையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரிக்குப் பின்னால் தள்ளிவைத்தார். "எத்தனை முடிஞ்சுது?" என்று மகன் கேட்டால் "ஆகிட்டு இருக்கு" என்றார். பிசியோதெரபிப் பெண்ணிடம் ஒருதடவை மழை என்றார், இன்னொருதடவை வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றார். அவள் கையைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயம். தூக்கம் குறைந்தது. ராத்திரி போர்வைக்குள் வலது கையை இடது கையால் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டப்பாவைக் கண்டெடுத்தது மருமகள். அவள் ஒரு அழகு நிலையத்தில் பெண்களுக்குச் செயற்கை நகம் ஒட்டும் வேலை பார்த்தாள். அன்று அவளுக்கு வார விடுமுறை. மாமியார் காய்கறி வாங்கப் போயிருந்தார், மகன் வேலைக்குப் போயிருந்தான். ஊக்கு ஒன்று உருண்டுபோனதென்று அலமாரிக்குப் பின்னால் கையை விட்டவள் டப்பாவோடு வெளியே வந்தாள். மூடியைத் திறந்து பார்த்தாள். கையில்லாதவர்கள், குதிரையில்லாதவர்கள், குதிரையோடு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகிடந்தவர்கள்.

"என்ன மாமா இது, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு?"

அவர் சமாளிக்கத்தான் வாயைத் திறந்தார், வந்தது உண்மை. "என் கை சரியில்லைம்மா. நான் ஒட்டுறது எதுவும் நிக்கலை. நடுங்குது போல இருக்கு. அத்தைகிட்ட சொல்லிடாதே."

அவள் அச்சச்சோ என்று சொல்லவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எப்படி ஒட்டுவீங்க? சொல்லுங்க, அதே மாதிரி நான் ஒண்ணு ஒட்டுறேன்" என்றாள்.

அவர் சொன்னார். அவள் அப்படியே செய்தாள். பெட்டியிலிருந்து தொடாத புது வீரன் ஒருவனை எடுத்தாள். தோளில் தாராளமாகப் பசை விட்டாள். கையைப் பொருத்தி அழுத்தினாள். நாள் முழுக்க யார் யார் விரலையோ ஆடாமல் பிடித்துப் பழகிய கை. கல்லில் செதுக்கியதுபோல நின்றது. அப்படியே வைத்துவிட்டு இருவரும் டீ குடித்தார்கள். குடித்து முடித்ததும் அவள் வாளைப் பிடித்துத் தூக்கினாள்.

வாள் வந்தது. வாளோடு கை வந்தது. வீரன் மேஜையிலேயே நின்றான்.

இருவரும் அவனையே பார்த்தார்கள்.

"அப்போ எனக்கும் வாதமா மாமா?" என்றாள் மருமகள்.

அவருக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கியது, மேஜை ஆடியது, மிச்சமிருந்த வீரனும் சாய்ந்தான். சிரித்துக்கொண்டிருந்த முகம் ஒரு கட்டத்தில் நனைந்துபோயிருந்தது. அதைப் பார்த்த மருமகள் கழுவத் தேவையே இல்லாத டம்ளர்களைக் கழுவ எழுந்துபோனாள். திரும்பி வரச் சற்று நேரம் எடுத்துக்கொண்டாள்.

வந்தவள் உலோகக் கையை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். "பிசுபிசுன்னு இருக்கே. அச்சுல ஒட்டாம இருக்க ஏதோ தடவித்தான் வார்த்திருப்பாங்க. அச்சுல ஒட்டாதது பசையில மட்டும் எப்படி ஒட்டும்?"

"இதை நான் எங்கே யோசிச்சேன்!"

"எங்க கடையில தினமும் இதே பாடுதான். கையில கிரீம் பூசிட்டு வந்து நகம் ஒட்டச் சொல்வாங்க. அப்படியே ஒட்டிவிட்டா வீடு போறதுக்குள்ள நகம் பஸ்ஸுல கிடக்கும்."

"என் பஸ்ஸுல ஒண்ணு கிடந்துச்சும்மா. வண்டுன்னு நினைச்சு மிதிச்சேன்."

பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் வந்தன. காய்ந்துபோய்க் கட்டியாக நின்ற பழைய பசையை, அவள் தன் பையிலிருந்த நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துக் கரைத்து எடுத்தாள். எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவித் துணியில் பரப்பினார்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒன்றை ஒட்டினார் டிரைவர். பசை வெள்ளையாகப் பூத்து உதிர்ந்தது. சரி, காயட்டும் என்று விசிறிக்குக் கீழே வைத்தார்கள்.

காய்ந்ததும் அவள் நகம் தேய்க்கும் அரத்தைக் கொடுத்தாள். "சேர்ற இடம் ரெண்டையும் சொரசொரப்பாக்குங்க. மழமழன்னு இருந்தா பிடிக்க இடம் இருக்காது. பசை துளியூண்டு போதும். ரெண்டுக்கும் நடுவுல பசை மெத்தை மாதிரி தடிச்சு நின்னா அதுதான் முதல்ல உடையும்."

இந்தத் தடவை நின்றது. மெல்ல ஆட்டினார், நின்றது. ஆனால் வாள் நீளம், கை கனம்; தவறி விழுந்தால் தாங்குமா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. இப்போது யோசிப்பது அவர் முறையாயிற்று. "பஸ்ஸுல பக்கக் கண்ணாடியை வெறும் பசையை நம்பியா மாட்டுறாங்க? உள்ளே போல்ட் போகுதில்லே?"

பெட்டியின் அடியில் ஊசிபோல ஒரு துளைப்பான் கிடந்தது. பசைக் குப்பியின் வாய் அடைத்தால் குத்துவதற்கு என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். அதை எடுத்துத் தோளில் ஒரு துளை, கையில் ஒரு துளை போட்டார். பழைய வயரைச் சீவி, உள்ளிருந்த மெல்லிய கம்பியைத் துண்டாக்கி ஒரு துளையில் செருகினார். அதன் மேல் ஒரு துளிப் பசை வைத்து, கையைக் கம்பியில் ஏற்றி அழுத்தினார். பிடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். குப்பை வண்டி வந்து நின்று போயிற்று. விரலை எடுத்து வாளைப் பிடித்துத் தூக்கினார்; வீரனும் கூடவே வந்தான்.

"மாமா, நீங்க இப்ப என்ன பண்ணீங்கன்னு தெரியுதா?" என்றாள் மருமகள்.

"என்ன பண்ணேன்?"

"அந்த ஊசியைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலுமா உருட்டி உருட்டித் துளை போட்டீங்க. வலது கையால."

அவர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். யாருடைய கையையோ பார்ப்பதுபோல இருந்தது.

மனைவி பையோடு உள்ளே வந்தபோது அவர் எழுந்துபோய்ப் பையை வலது கையால் வாங்கினார். வாங்கியபின்தான் எல்லாவற்றையும் சொன்னார்: விழுந்த கைகள், டப்பா, மழை என்று சொன்ன பொய்.

"தெரியும்" என்றாள் அவள். "பெருக்கும்போது டப்பாவைப் பாத்தேன். கை இல்லாத ஆளுங்களைப் பாத்ததும் மூடி அங்கேயே தள்ளி வச்சுட்டேன்."

"அப்போ ஏன் கேக்கலை?"

"கேட்டா உண்மையைச் சொல்லிருவீங்களேன்னு பயம்."

அதைச் சொல்லிவிட்டு அவள் வாசற்படி அருகிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். காய்கறியை எடுத்துவைக்கக்கூட எழவில்லை. இத்தனை நாளாக ஒரே பாறையை ஆளுக்கொரு பக்கம் தனித்தனியே சுமந்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மருமகள்தான் தக்காளியைக் கழுவி அடுக்கினாள்.

பிசியோதெரபிப் பெண்ணிடம் அவராகவே போனார். வராமல் ஏமாற்றியதற்கு நன்றாகத் திட்டு வாங்கினார். பிடியை அளக்கும் கருவியை அழுத்தச் சொன்னாள். முள் எங்கே நின்றது என்று பார்த்துவிட்டு மறுபடி அழுத்தச் சொன்னாள். "வீட்டுல என்ன பண்றீங்க?" என்றாள். "குதிரைக்காரங்களுக்குக் கை வச்சு விடுறேன்" என்றார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதுவா இருந்தாலும் விடாதீங்க" என்றாள்.

டிப்போ டாக்டர் எடுத்த எடுப்பில் ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி வரச் சொன்னார், ஸ்கேன் கேட்டார், கண்ணில் விளக்கடித்தார். கடைசியில் பயணிகள் இல்லாத வண்டியை டிப்போவுக்குள் ஓட்டிக் காட்டட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். ஓட்டிக் காட்ட வேண்டிய நாளன்று காலையில் மனைவி கூடவே வந்து வாட்ச்மேனின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். சோதிக்கிற அதிகாரி பக்கத்தில் ஏறினார்.

டிரைவர் இன்ஜினை இயக்கினார். அதன் அதிர்வு ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்தது; பழைய சிநேகிதன் கை குலுக்குவதுபோல இருந்தது. மெதுவாக எடுத்தார். பட்டறையைச் சுற்றி, டீசல் பம்பைத் தாண்டி, நிறுத்திவைத்த வண்டிகளுக்கு நடுவிலிருந்த ஒடுக்கமான சந்தில் நுழைந்து, ஒரு பக்கமும் உரசாமல் வெளியே வந்தார். மனைவியைக் கடக்கும்போது அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"போதும், நிறுத்துங்க. நல்லாத்தான் இருக்கு" என்றார் அதிகாரி.

"சரிங்க சார்" என்றார் டிரைவர். சொன்னாரே ஒழிய, நிறுத்தவில்லை. இன்னொரு சுற்றுக்கு வண்டியை வளைத்தார். அதிகாரி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்று வாங்கிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.