திங்கட்கிழமை கிளம்பாத பிக்கப்

வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கும் எங்களிடம் வருகிறவர்கள், பெரும்பாலும் பழுதோடு குற்றவாளியையும் முடிவு செய்துகொண்டே வருகிறார்கள். அவசரமான காலைப் பொழுதில் சாவியைத் திருகி, ‘டிக்’ என்ற ஒற்றை ஓசையை மட்டும் பதிலாகப் பெற்ற அன்பர்களே, அந்த நொடியில் நம் வாயில் முதலில் வரும் பெயர் யாருடையது? நேற்று வண்டியைத் தொட்டவர் பெயர்தான். அப்படி ஒருவர் பெயர் அடிபட்ட பிக்கப்பைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பேட்டரிக்கு விடுமுறை நாள்

திருப்பூரில் பெருமாநல்லூர் சாலையில் உள்ள என் கடைக்கு அந்தப் பிக்கப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இன்றைய வண்டிகளுக்குத் தாத்தா முறை ஆக வேண்டியது அது. உருண்டை விளக்குகளையும், விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கதவுகளையும் கண்டு, வந்த வேலையை மறந்து ஒரு சுற்று சுற்றி வந்தேன். சாயப்பட்டறை நடத்தும் சென்னியப்பன், துணிக்குச் சாயம் ஏறத் தேவையான உப்பு மூட்டைகளை இதில்தான் ஏற்றுகிறார். புது வண்டியில் ஏற்றினால் தகரம் கரைந்துவிடும், இதுவோ இரும்பு என்பது அவர் கட்சி.

வாரம் முழுவதும் ஒழுங்காகக் கிளம்பும் வண்டி, ஞாயிறு ஓய்வுக்குப் பின் திங்கள் காலையில் மட்டும் மறுக்கிறது. ஓட்டுநர் ஞானராஜ் தெற்கத்திச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர். பட்டறை வளாகத்திலேயே மனைவி மக்களோடு குடியிருப்பவர். ஞாயிற்றுக்கிழமையில் அவர் வண்டிக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டே பேட்டரியைத் தீர்த்துவிடுகிறார் என்பது முதலாளியின் சந்தேகம். “இல்ல மொதலாளி” என்றார் ஞானராஜ். சென்னியப்பன் என் பக்கம் திரும்பினார்: “ஏனுங்க, பேட்டரிக்கு லீவு நாளு தெரியுமுங்களா? ஞாயித்துக்கெழமை மட்டும் எறங்குதுன்னா, எறக்கறது யாருன்னு நீங்களே சொல்லுங்க!”

திரும்பி வரும் வழி

பேட்டரியிலிருந்து மின்சாரம் கம்பி வழியே விளக்குக்குப் போகிறது. வேலையை முடித்த பின் அது வண்டியின் இரும்பு உடல் வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பு வழியைத்தான் எர்த் என்கிறோம். போகும் கம்பிக்கு உறை போட்டுக் காக்கிறோம். திரும்பும் வழியை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பட்டறைக்குள் வரும் தண்ணீரைப் பற்றியே கவலைப்பட்டு, வெளியே போகும் சாயத் தண்ணீரை மறந்திருந்த காலத்தில் நம் ஆறு என்ன பாடுபட்டது என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வருவதைப் போலவே போவதையும் மதிக்கக் கற்றுக்கொள்வோம்.

இந்த வண்டியில் எர்த் பட்டையை உப்பு அரித்து நூலாக்கியிருந்தது. இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை வண்டியின் அடிச்சட்டமான சேஸைச் சுரண்டி, தடித்த புதுப் பட்டையை முடுக்கினேன். மங்கிக் கிடந்த விளக்குகள் பளிச்சிட்டன. ஞானராஜ் ஹாரனை ஒரு முறை அழுத்திவிட்டுத் தாமே துள்ளினார். “அண்ணாச்சி, இதுக்கு முன்னால நான் அடிக்க ஹாரன் எனக்கே கேக்காது. இனும எருமமாடும் திரும்பிப் பாக்கும்லா!”

என் கடையில் நல்ல பிள்ளை

அடுத்த திங்கட்கிழமையும் வண்டி நின்றது. பட்டறையில் வேலை செய்யும் வடநாட்டு இளைஞர்கள் தள்ளித்தான் கிளப்பினார்களாம். இம்முறை வண்டியை என்னிடமே நிறுத்திக்கொண்டேன். பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்துச் சோதித்தேன், குறையில்லை. திரும்ப மாட்டி, மின்கசிவு இருக்கிறதா என்று மீட்டர் வைத்தேன், முள் அசையவில்லை. சனி போய், ஞாயிறு போய், திங்கள் காலையில் சாவியைத் தொட்டதும் எஞ்சின் உறுமியது. கசிவு இல்லாத இடத்தில் கசிவைக் காட்ட என்னால் முடியாது. ஆனால் என் மீட்டரின் மௌனம் ஞானராஜுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவரோ வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் அவர் காதில் விழும்படியே என்னிடம் சொன்னார்: “உங்க கடைல நின்னா கெளம்புது, எங்க பட்டறைல நின்னா கெளம்பறதில்லீங்க. நடுவுல இருக்கறது இவன் ஒருத்தன்தானுங்க. வர்ற திங்கக்கெழமையும் நின்னுச்சுன்னா, சாவியக் குடுத்துட்டு ஊரு போய்ச் சேரட்டும்.”

துணிக்குள் பேட்டரி

ஒருவருடைய சோறும் குடியிருப்பும் ஒரு மீட்டர் முள்ளில் தொங்கும்போது கடையில் உட்கார்ந்திருப்பது அறமாகாது. அந்த ஞாயிறு காலை நானே பட்டறைக்குப் போனேன். அங்கே வண்டி, என் கடையில் நின்றதுபோல் காலியாக நிற்கவில்லை. சனிக்கிழமை ஏற்றிய உப்பு மூட்டைகளோடு திறந்தவெளியில் நின்றது. இரவுப் பனியில் மூட்டைகள் வியர்த்து, பலகை இடுக்கு வழியே உப்புநீர் சொட்டிக்கொண்டிருந்தது. பலகைக்கு அடியிலேயே பேட்டரிப் பெட்டி.

மீட்டர் வைத்தேன். முள் எழுந்தது! ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் இறங்கவில்லை. பிறகுதான் பெட்டிக்குள் நன்றாகப் பார்த்தேன். பேட்டரியைச் சுற்றிலும் வெள்ளைப் பனியன் வேஸ்ட் துணி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, இடைவெளியே இல்லாமல் அடைக்கப்பட்டிருந்தது. பாசிட்டிவ் முனைக்கும் அதிலேயே குல்லாய். எல்லாம் உப்புநீரில் ஊறி, அந்த முனைக்கும் இரும்புப் பெட்டிக்கும் நடுவே பாலம் போட்டிருந்தது. துணியை உருவினேன், முள் படுத்துவிட்டது.

“பேட்டரிய இறுக்கிக் கட்டியிருந்த பட்ட அந்துபோயி அது குலுங்குச்சு அண்ணாச்சி. பழைய வண்டி, அடிபட்டுரக் கூடாதுன்னு நாந்தான் வச்சேன்” என்றார் ஞானராஜ். என் கடைக்கு அழுக்குத் துணியோடு வருவது மரியாதை இல்லையென்று, வருமுன் அதை எடுத்துவிட்டு, போகும்போது புதுத்துணி வைத்திருக்கிறார்! வாரநாட்களில் மூட்டைகள் உடனே இறங்கிவிடும். துணி காய்ந்தே இருந்திருக்கிறது. பெட்டிக்குள் ரப்பர் விரித்து, பேட்டரியைப் புதுப் பட்டையால் இறுக்கிக் கட்டி, மேலே ரப்பர் மூடியும் போட்டேன். கம்பியில் பழுது என்று முதலாளியிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அவர் சற்றும் யோசிக்கவில்லை: “வேண்டாம் அண்ணாச்சி. நான் பாட்டுக் கேட்டேன்னு மொதலாளி சொன்னதுதான் பொய்யி. துணி வச்சது நெசம். நெசத்த நானே சொல்லிக்கிடுதேன்.”

திங்கள் காலை

மறுநாள் நானும் போயிருந்தேன். முதல் திருகலிலேயே வண்டி கிளம்பியது, இளைஞர்கள் கைதட்டினார்கள். ஞானராஜ் எஞ்சினை நிறுத்தி, இறங்கி வந்து, ஈரத்துணியை எல்லோருக்கும் முன் நீட்டினார். “மொதலாளி, பேட்டரிய எறக்குனது நாந்தான். ஆனா பாட்டுக் கேட்டு இல்ல” என்று தொடங்கி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தம்மைக் காக்கக்கூடிய பொய்யையும் கை நீட்டித் தள்ளிய அந்த மனிதர் முன் நின்றபோது, நான் கற்ற வேலை எனக்குச் சிறியதாகத் தெரிந்தது.

சென்னியப்பன் துணியை வாங்கினார். மடிப்பைப் பிரித்தார், மறுபடி மடிக்கப் பார்த்தார். அந்த ஒழுங்கு வரவில்லை. என் முன்னிலையில் பழி சொன்னவர், அத்தனை பேர் முன்னிலையிலும் பேசினார். இதையும் நாம் கற்க வேண்டும். “ஞானம், நாஞ் சொன்னது தப்புங்க. இனி ஒரு திங்கக்கெழமை வண்டி நின்னுச்சுன்னா, மொதல்ல தள்றது நானுங்க. அப்புறந்தான் வாயத் தொறப்பேன்.”

அலட்சியத்தால் இறங்கிய பேட்டரிகளைவிட அக்கறையால் இறங்கியவற்றையே நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன், அன்பர்களே. என்ன செய்வது, மீட்டரின் முள் இரண்டுக்கும் ஒரே பக்கம்தான் சாய்கிறது.