வேட்டுக்குப் பின்னால் வந்த புள்ளி

மதுரை ஆனையூரில் யார் செத்தாலும் பாண்டிமீனாவுக்கு உடனே தெரிந்துவிடும். ஃப்ளக்ஸ் கடையில் கண்ணீர் அஞ்சலி அடிப்பவளுக்குத் தெரியாமல் எந்த உயிர் போகும்? காதுகுத்தில் எடுத்த கூட்டப் படத்தின் கடைசி வரிசையில் கடுகளவு நிற்கும் முகத்தைக் காட்டி, "இதான் எங்க சித்தப்பா, பெருசாக்குங்க" என்பார்கள். அவளும் மங்கலுக்குள்ளிருந்து ஆளைப் பிரித்து எடுத்துவிடுவாள். பொல்லாத கண்ணு அவளுக்கு!

அந்தக் கண்ணை வானத்திலும் வைத்தாள். வானியல்காரர்கள் சிலர் தொலைநோக்கிப் படங்களை இணையத்தில் போட்டு, பழைய படத்தில் இல்லாத புள்ளி புதியதில் தெரிகிறதா என்று பொதுமக்களைக் கேட்கிறார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் அவளுக்கு அதுதான் வேலை. போன வருடம் ஒன்றைக் குறித்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கடைசியில் அது கேமராக் கோளாறு. கடை முதலாளி முத்திருளன் மாதக்கணக்கில் ஓட்டி எடுத்துவிட்டார்.

இந்தமுறை குறித்த புள்ளியைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. ஆனால் முகம் காட்டிக் கொடுத்துவிட்டது.

"என்னத்தா, மந்திரிச்சு விட்ட மாதிரி இருக்க?" என்றார் முத்திருளன்.

"வானத்துல ஒரு காமாக் கதிர் வெடிப்புண்ணே. பளிச்சுனு அடிச்சு ஓஞ்சிருச்சு. பெரிய நட்சத்திரம் ஒண்ணு செத்ததுக்கு அடையாளமான்னு பாக்குறாக."

"அதுல என்ன சந்தேகம்?"

"வேட்டுச் சத்தம் கேட்டா எழவுன்னே சொல்லிற முடியுமாண்ணே? கல்யாணத்துக்கும்தான் வேட்டுப் போடுறாக. ரெண்டு நட்சத்திரம் மோதி ஒண்ணாச் சேந்தாலும் இப்படி அடிக்கும். வேட்டுக்குப் பின்னாலயே பாடை வந்தாத்தான் எழவு. அதே எடத்துல கொஞ்ச நாள் கழிச்சு சூப்பர்நோவா தெரியணும், நட்சத்திரம் சாகையில வர்ற பெரிய வெளிச்சம். தெரியுதுன்னு நான் குறிச்சிருக்கேன்."

முத்திருளனுக்குப் புரிந்ததோ இல்லையோ, எழவு என்றதும் கை பரபரத்தது. "போஸ்டர் போட்ருவோம்!" மதுரைக்காரருக்குச் சொல்லியா தர வேண்டும்! அவள் பதறினாள். "பதில் வரட்டும்ணே. இதுவும் பொய்யாப் போச்சுன்னா தெருவுல தலகாட்ட முடியாது."

அவர் கேட்பாரா? கறுப்புப் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே மட்டும் இடம் காலி. "சொந்தம்னு ஒருத்தர் பேராவது வேணுமேத்தா" என்றார். எத்தனையோ குடும்பங்களின் பெயரை அடித்தவள், தன் பெயரை ஒரு போஸ்டரிலும் போட்டதில்லை. மெஷினை ஓடவிடாமல் மறித்து நின்றாள்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. பெரிய தொலைநோக்கியில் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டார்களாம். சூப்பர்நோவாதான். முதலில் கண்டவர்களில் அவளும் ஒருத்தி என்று எழுதியிருந்தார்கள். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலியிடத்தில் 'பாண்டிமீனா, ஆனையூர்' என்று தானே அடித்து, மெஷினைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் டீக்கடைக்காரர் பேயாண்டி போஸ்டருக்கு முன்னால் கைகட்டி நின்றார். "எப்பத்தா எறந்தாக?"

"எறந்து எரநூறு கோடி வருசமாச்சுண்ணே. அந்த வெளிச்சம் வந்து சேர இம்புட்டு நாளு, நமக்குத் தாக்கல் இப்பத்தான் வந்துச்சு."

"அடப் பாவமே! அம்புட்டு நாளாவா கேக்க நாதியில்லாமக் கெடந்துச்சு?" என்றவர், கடையில் சாமி படத்துக்கு வாங்கி வைத்திருந்த மாலையை எடுத்துவந்து அந்தப் புள்ளிக்குப் போட்டார்.