பஸ்ரியன் பார்க்காமல் எழுதிய பாலைவனம்

பாலைவனத்துக்குப் போகிறவர் குளிர் ஜக்கெற் கொண்டுபோக வேண்டுமா? ஜூலி இப்படிக் கேட்டபோது அவளுடைய கணவர் பஸ்ரியனுக்கு விடை தெரியவில்லை. எழுதுகிற எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் பஸ்ரியன் கவலைப்படவில்லை. சோதனைத்தாளில் அந்தக் கேள்வி இல்லை.

பஸ்ரியனுக்கு நாற்பத்தாறு வயது. கனடாவில், மல்வேர்னில் வீடு. பதினேழு வருடமாக உறைந்த கோழிப் பெட்டிகளை அடுக்கும் வெயர்ஹவுசில் வேலை. ஆடி மாதத்திலும் கையில் கம்பளி உறை. வெயிலில் நின்று செய்கிற வேலை ஒன்று கிடைத்தால் போதும் என்பதுதான் அவருடைய ஆசை. பூங்கா ஒன்றில் வழிகாட்டி வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு மாலைநேரக் கல்லூரியில் ஒரேயொரு பாடம் மிச்சம்: அரிசோனாவில் ஒரு பெரிய பள்ளத்தாக்குக்குக் களப்பயணம். வழியில் ஐந்து இடங்களில் தரிப்பு. ஒவ்வொன்றிலும் சுற்றிப் பார்த்து, என்ன வளர்கிறது என்று எழுத வேண்டும். குறைந்தது மூன்று விடை சரியாக இருந்தால்தான் சித்தியடையலாம்.

சுற்றிப் பார்த்து எழுதுவதா? பஸ்ரியன் அந்தப் பழக்கம் இல்லாதவர். கார் லைசென்ஸ் எழுத்துச் சோதனையை விடைகளைப் பாடமாக்கியே வென்றவர். குடியுரிமைச் சோதனையிலும் அப்படியே இருபதுக்கு இருபது. நம்மில் பாதிப்பேர் அப்படித்தானே கனேடியர் ஆனோம். ஆகவே, போன வருடம் போய்வந்த ஒருவரிடம் விடைகளை வாங்கிக்கொண்டார். குசினியில் சமைத்தபடி ஜூலி கேட்க, அவர் ஒப்புவித்தார்.

"மூண்டாவது?"

"புதர்."

"நாலாவது?"

"ஜூனிப்பர். அஞ்சாவது பைன். நித்திரையிலயும் சொல்லுவன்."

"நித்திரையிலதானே எல்லாம் செய்யிறியள்," என்றாள் ஜூலி.

போன வருட வகுப்பு படகில் போய் பள்ளத்தாக்கின் அடியில் ஆற்றங்கரையில் இறங்கி, மேலே ஏறியது. இந்த வருட வகுப்பு மேலிருந்து கீழே இறங்கியது. பஸ்ரியன் அதைக் கேட்டு வைத்திருக்கவில்லை.

முதல் தரிப்பில் வானைத் தொடும் பைன் மரங்கள். அடியில் சித்திரை மாதத்துப் பனி. ஜக்கெற் இல்லாமல் நடுங்கிக்கொண்டு பஸ்ரியன் எழுதினார்: "ஆற்றங்கரை. வில்லோ." இரண்டாவதில் ஜூனிப்பர் மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு "கள்ளி" என்று எழுதினார். மூன்றாவது நடுவில் இருந்ததால், எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் புதர்தான். அன்றைக்கு முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார். புதர். மனிதருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

நாலாவதில் கள்ளி முள் காலில் ஏறியது. அதைப் பிடுங்கிக்கொண்டே "ஜூனிப்பர்" என்று எழுதினார். கூடப் படிக்கிற நிரூபா, ஸ்காபரோவில் பிறந்து ஆங்கிலம் கலந்து பேசுகிற பிள்ளை, எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், லைக், உங்களுக்கு என்ன குத்தினது?"

"முள்ளு."

"ஜூனிப்பர் முள்ளோ?"

"பிள்ளை, நீர் உம்மட பேப்பரைப் பாரும்."

கடைசித் தரிப்பில் ஆற்றுக்குள் காலை வைத்து, வியர்வை சொட்டச் சொட்ட எழுதினார்: "பைன். பனி பெய்யும்."

ஐந்துக்கு ஒன்று. கூட வந்த பேராசிரியை தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ்ரியனுக்குக் கண்முன்னே கோழிப் பெட்டிகள் வந்து நின்றன. கண் கலங்கிவிட்டது, அதை மட்டும் நான் பகிடி பண்ணமாட்டேன். பேராசிரியை இரங்கினார். நாளை ஏறும்போது புதுத் தாள் தருகிறேன், இந்த முறை கண்ணைத் திறந்து எழுதுங்கள் என்றார்.

மறுநாள் ஏறினார்கள். பஸ்ரியன் சப்பாத்தைப் பார்த்தபடி, வாய்க்குள் முணுமுணுத்தபடி நடந்தார். வில்லோ, கள்ளி, புதர், ஜூனிப்பர், பைன். ஐந்துக்கு ஐந்து. நல்ல முன்னேற்றம் என்று பேராசிரியை கை கொடுத்தார்.

"எல்லாம் வடிவாப் பாத்தனீங்களோ அங்கிள்?" என்றாள் நிரூபா.

"பாக்க என்ன கிடக்கு? அதுகள் வரிசையா வந்ததுகள்."

இப்போது அவர் சனிக்கிழமைகளில் பூங்காவில் பிள்ளைகளுக்கு மரம் காட்டுகிறார். வெயிலில் நன்றாகக் கறுத்துவிட்டார். அதில் எனக்கும் சந்தோசம்தான். ஆனால் பாதையை மறுமுனையிலிருந்து தொடங்கச் சொன்னால் சம்மதிக்க மாட்டார். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிற தாய் தகப்பன்மார் யாரையாவது தெரிந்தால், இந்தக் கதையை அவர்களுக்குத் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அவர் மரத்தின் பெயரைச் சொல்லும்போது, அவர்களாவது அதைப் பார்க்கட்டும்.