காலியாக வந்த தண்ணீர் பாட்டில்

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தலைகீழாகப் பிடிப்பேன். ஒரு லிட்டர் பிடிக்கிற நீல பாட்டில். இரண்டு மூன்று சொட்டுதான் விழும். அதற்கு மேல் நான் எதுவும் கேட்பதில்லை. இரண்டு வருடம் இப்படியே போனது. தெருவில் மற்ற பெண்கள் தங்கள் பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை என்று குறைபட்டுக்கொள்ளும்போது, நான் வாய் திறக்காமல் நின்றாலும் மனதுக்குள் ஒரு பெருமை இருக்கும்.

அந்த பாட்டிலை வாங்கியதே டாக்டர் சொல்லித்தான். மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. சிறுநீரில் கிருமி என்றார்கள். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, பிள்ளை பள்ளிக்கூடத்தில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அனுப்பினார்கள். அன்று மாலையே தென்காசி பஜாரில் பாட்டில் வாங்கினேன். நிரப்பி அனுப்புவது என் வேலை, காலியாகக் கொண்டுவருவது அவள் வேலை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

நான் பத்தாவது வரை படித்தேன். வீரகேரளம்புதூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். நாலு வயது மூத்தவளான என் அக்காவும் அங்கேதான் படித்தாள். பெண் பிள்ளைகளுக்கு என்று ஒரு கக்கூஸ் இருந்தது. அதற்குக் கதவு இல்லை. ஒரு காலத்தில் இருந்த கதவின் கீல் மட்டும் சுவரில் துருப்பிடித்து நின்றது. நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்று, போகிற வழியில், அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏட்டி, காலையில அரை டம்ளர் போதும். மத்தியானம் வாயக் கொப்பளிச்சுத் துப்பிரு, முழுங்காத. ரொம்ப முட்டுச்சுன்னா குதிங்கால அடியில வச்சு உக்காந்துரு. அடங்கிரும்.”

அவள் சொன்னபடியே செய்தேன். அடங்கியது. ஐந்து வருடம் ஒரு நாள்கூட அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஒன்றுக்குப் போனதில்லை. எங்கள் அம்மா நடவுக்குப் போகிறவள். வயலில் ஆம்பிளைகள் நிற்கும்போது எங்கே போய் ஒதுங்குவது? அவளும் பொழுது சாயும்வரை அடக்கியவள்தான். அதனால் எங்களை அவள் கேட்டதே இல்லை. சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு வேன் பிடித்துப் போகும்போது, வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லாத பிள்ளைகள் என்று எங்கள் இருவரையும் மெச்சுவார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு நல்ல குணம். குனிந்த தலை நிமிராமல் நடப்பது மாதிரி.

அக்காவைச் சிவகிரியில் கட்டிக்கொடுத்தோம். நாற்பது வயது முடிவதற்குள் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்யத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போவார்கள். நான் இரண்டு மாதம் அவள் வீட்டில் இருந்தேன். ஒரு நாளைக்கு அவள் குடிக்க வேண்டிய தண்ணீரை டாக்டர் அளவாகச் சொல்லியிருந்தார். காலையில் அதை ஒரு சொம்பில் அளந்து வைக்க வேண்டும். மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும்.

“ஒரே ஒரு மடக்குத் தாட்டி. தொண்டை நனையதுக்குத்தான் கேக்கேன்.”

நான் கொடுக்கவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டு நடந்தேன். சரியாகத்தான் நடந்தேன் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் போய்ப் பத்து வருடம் ஆகப்போகிறது. இன்றும் வெயில் நேரத்தில் யாராவது டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டால், பின்னால் யாரோ கை நீட்டுவது போல எனக்கு இருக்கும். திரும்பிப் பார்த்துவிடுவேன்.

சுகரையும் பிரஷரையும் கவனிக்காமல் விட்டதால் வந்தது என்று டாக்டர்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துப் பழக்கத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றே சொல்லியிருக்கலாம். கேட்காததால் அது எனக்குள் அப்படியே கிடக்கிறது.

நான் குற்றாலத்தில் ஒரு சிப்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். வீடு தென்காசியில். மகளின் அப்பா கேரளாவில் கட்டட வேலைக்குப் போய்விட்டு மாதம் ஒரு முறை வருவார். போன சீசனில் ஒரு நாள் மலையில் நல்ல மழை. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். கூட்டம் இல்லாததால் கடை முதலாளி அண்ணாச்சி எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார். தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சாரலில் நடந்துகொண்டிருந்தேன். எங்கள் தெரு முக்கில் மகளும் அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேரும் நின்றார்கள்.

மூன்று பேர் கையிலும் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்து, ஒரு காம்பவுண்டு சுவர் ஓரமாகக் கவிழ்த்துப் பிடித்திருந்தார்கள். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் அதைப் பார்க்கக்கூட இல்லை. பேச்சும் சிரிப்பும் நிற்கவில்லை. தினமும் செய்கிற காரியத்தைக் கை எப்படிச் செய்யுமோ அப்படிச் செய்தார்கள். கடைசியில் என் மகள் பாட்டிலை இரண்டு தட்டுத் தட்டி மூடினாள். ஏற்கெனவே மழையில் நனைந்திருந்த தரையில் அந்தத் தண்ணீர் போன இடம் தெரியவில்லை.

நான் கூப்பிடவில்லை. வேறு தெரு வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனேன். அவள் வந்தாள். பாட்டிலை வாங்கிக் கவிழ்த்தேன். இரண்டு சொட்டு விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்தேன்.

ஏன் கேட்கவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எனக்குக் கோபமே வரவில்லை. பயம்தான் வந்தது. அவள் என்ன செய்கிறாள், எதற்குச் செய்கிறாள் என்பது பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. திட்ட வாய் திறந்தால் என் பள்ளிக்கூடத்துக் கதை முழுவதும் வெளியே வந்துவிடும் என்று இருந்தது. நாளைக்குப் பேசலாம், ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்று தள்ளினேன். மூன்றாவது வாரம் அவளுக்கு மறுபடி நடுக்கக் காய்ச்சல் வந்தது.

இந்தத் தடவை ஸ்கேன் எடுத்தார்கள். பெண் டாக்டர், என்னைவிட வயது குறைந்தவர். மகளை முன்னால் உட்காரவைத்து, பள்ளிக்கூடம் போகிற நாளில் எத்தனை தடவை யூரின் போவாய் என்று கேட்டார். மகள் என் பக்கம் திரும்பாமல், சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு தடவை என்றாள். நாள் முழுவதும் ஒரு தடவைதானா என்று டாக்டர் திரும்பக் கேட்டார்.

“எம்மாவும் அப்படித்தான் டாக்டர். கடைக்குப் போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் போவா. அவளுக்கு ஒண்ணும் செய்யலயே.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்போதுதான் மகள் உட்கார்ந்திருந்த விதம் கண்ணில் பட்டது. வலது காலை மடக்கி, குதிகாலை அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தாள். அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தது போல இருந்தது. அக்கா போகும்போது இவள் மூன்று வயதுப் பிள்ளை. அவளுக்கு அக்காவின் முகமே ஞாபகம் இல்லை. அப்படியானால் இதை யாரிடம் பார்த்துப் படித்தாள்? வீட்டுக்கு வந்து, அரிசி புடைக்க உட்கார்ந்து, என் காலைப் பார்த்தபோது விடை கிடைத்தது. நான் அப்படி உட்காருகிறவள் என்பதே அன்று வரை எனக்குத் தெரியாது.

ஒரு பக்கத்துச் சிறுநீரகத்தில் சின்னதாகத் தழும்பு மாதிரி தெரிகிறது, மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருக்கிற தழும்பு போகாது, புதிதாக விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அடக்கக் கூடாது என்பதை இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை என்னைப் பார்த்துச் சொன்னார்.

காய்ச்சல் விட்ட பிறகு மகளிடம் மெதுவாகக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் டைல்ஸ் போட்ட புதுக் கழிப்பறை இருக்கிறதாம். பிள்ளைகள் அசிங்கப்படுத்திவிடும் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். வகுப்பில் எழுந்து நின்று சாரிடம் கேட்டு, ஆபீசில் போய்ச் சாவி வாங்க வேண்டும். பையன்களும் படிக்கிற வகுப்பு. ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள் கேட்டாள் என்று அவளுக்கு எங்கள் பக்கத்து அணையான குண்டாற்றின் பெயரை வைத்துவிட்டார்கள். அவள் எழுந்தாலே பின் பெஞ்சில் இருந்து, “குண்டாறு டேம் தொறந்தாச்சு, கரையோரம் இருக்கவங்க எல்லாம் தள்ளிப் போங்கலே” என்று ஒரு சத்தம் வருமாம். சொல்லும்போது மகளுக்கே சிரிப்பு வந்தது. எனக்கும் வந்துவிட்டது.

பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது என்னால் எழுந்திருக்க முடியவில்லை. எல்லாரும் போன பிறகு வகுப்பு டீச்சரிடம் தனியாகச் சொன்னேன். ஸ்கேன் பேப்பரையும் காட்டினேன். டீச்சர் வெகுநேரம் அந்தப் பேப்பரையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“நானும் இங்கன வந்தா தண்ணி குடிக்க மாட்டேன்மா. எங்க ரூம் பக்கத்துல இருக்க பாத்ரூம்ல தண்ணி வராது.”

அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. யாரைக் குறை சொல்ல வந்தேனோ அவரும் எங்களோடு ஒரே வரிசையில் நிற்பது போல இருந்தது. சாவி விஷயமாகத் தலைமையாசிரியரிடம் பேசுவதாகச் சொன்னார். பேசியும் இருக்கிறார். மத்தியான இடைவேளையில் அரை மணி நேரம் திறந்து வைக்கிறார்கள். மற்ற நேரம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மகளோடு ஒரு ஒப்பந்தம் போட்டேன். பள்ளிக்கூடத்தில் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. அவள் உடனே, நீயும் கடையில் போவாயா என்று கேட்டாள். போவேன் என்றேன். தினமும் சாயங்காலம் அவள் கேட்பாள். போனேன் என்பேன். நான் கேட்பேன். போனேன் என்பாள். ஒரு மாதம் இப்படி ஓடியது. அந்த ஒரு மாதமும் நான் ஒரு நாள்கூடப் போகவில்லை. எங்கள் கடையில் கழிப்பறை கிடையாது. கொஞ்ச தூரம் நடந்து கட்டணக் கழிப்பறைக்குப் போக வேண்டும். அதற்கு அண்ணாச்சியிடம் கேட்க வேண்டும். ஆம்பிளைகள் நிறைந்த கடையில் அதைக் கேட்க என்னால் முடியவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் கேட்டபோது ஏனோ வாயில் பொய் வரவில்லை. இல்லை என்றேன். இன்று மட்டுமா என்று கேட்டாள். ஒரு நாளும் போகவில்லை என்றேன்.

“நானும் காலையில போகதில்லம்மா. மத்தியானம் தொறந்திருக்கப்ப மட்டுந்தான் போறேன். அதுவும் சில நாள்தான்.”

நான் அழவில்லை. திட்டவும் இல்லை. அவளிடம் முதல் முறையாகப் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னேன். அளந்து வைத்த தண்ணீரைச் சொன்னேன். நான் கொடுக்காததைச் சொன்னேன். ஆறாம் வகுப்பில் அக்கா எனக்குச் சொல்லித் தந்ததையும் சொன்னேன். பெரியம்மா அதனால்தான் செத்தாளா என்று மகள் கேட்டாள். தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

மறுநாள் கடையில் பதினொரு மணிக்கு நல்ல கூட்டம். அண்ணாச்சி எடைபோட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ச் சொன்னேன். கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லும்மா என்றார். நேந்திரம் சிப்ஸ் வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

“பாத்ரூம் போயிட்டு வாரேன் அண்ணாச்சி.”

அவர் தராசிலிருந்து கண் எடுக்காமல் போய்விட்டு வா என்றார். பதினொரு வருடமாக அந்தக் கடையில் நிற்கிறேன். அவ்வளவுதான் அவர் சொன்னது. வெளியே நடக்கும்போது முதுகில் எல்லார் கண்ணும் ஒட்டியிருப்பது போல எரிந்தது. திரும்பி வந்தபோது அதே ஆட்கள் இல்லை. வேறு ஆட்கள் நின்றார்கள்.

சாயங்காலம் மகளிடம் சொன்னேன். யார் யார் இருந்தார்கள் என்று விவரமாகக் கேட்டாள். எங்கள் வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஸ்கேனுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நேற்று நான் வந்து பையை வைப்பதற்கு முன்பே, காலையில் இரண்டாவது பீரியடில் எழுந்து கேட்டதாகச் சொன்னாள். சார் அனுப்பிவிட்டாராம். சிரித்தார்களா என்று கேட்டேன்.

“சிரிச்சாங்க. எனக்குக் கடனா டேம்னு பேரு வச்சிருக்காங்க. குண்டாற விடப் பெருசாம்.”

சொல்லும்போது அவள் முகம் காதுவரை சிவந்திருந்தது. அதனால் நம்பினேன்.