பாரிவாக்கத்து அடுப்பில் கொள்ளிவாய்ப் பிசாசு

என் பழைய கோப்புக்குள் ஒரு துண்டறிக்கை இருக்கிறது. அதன் மூலையில் மஞ்சள் படிந்த ஒரு கட்டைவிரல் கறை. எண்பதுகளில் பட்டது, இன்னும் போகவில்லை.

அப்போது பூந்தமல்லி அலுவலகத்தில், சாண எரிவாயுக் கலன் கட்டிக்கொடுக்கும் வேலை எனக்கு. ஒரு சொல் எங்கே பிறந்தது என்று நோண்டும் கிறுக்கும் கூடவே இருந்தது. கரியும் அமிலமும் சேர்ந்து கரியமில வாயு ஆன கதையைப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வேன். கொள்ளி என்றால் எரியும் கட்டை. ஏரிச் சேற்றில் கிளம்பும் மீத்தேன் பற்றிக்கொள்வதைப் பார்த்துத்தான் நம்மவர்கள் கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்கள், அதே வாயுதான் உங்கள் அடுப்பிலும் எரியப்போகிறது என்று அந்த அறிக்கையில் எழுதினேன். மூடநம்பிக்கையை ஒழித்துவிட்டதாக ஒரு பெருமை வேறு.

மறுவாரமே பாரிவாக்கத்திலிருந்து ஓர் அக்கா, மஞ்சள் காயாத கையில் அறிக்கையோடு வந்து நின்றார். ஐந்து மாடு உள்ள வீடு. விறகுப் புகையில் கண் சிவந்து, இருமி இருமி ஓய்ந்தவர். கலன் கட்டி முடித்தாயிற்று; மாமியார்தான் அடுப்பைப் பற்றவைக்க விடவில்லை.

“பிசாச ஊட்டுக்குள்ள கூட்டியாந்தது நீங்க. நீங்களே வந்து சொல்லுங்க சார்” என்றார்.

போனேன். சும்மா இருந்திருக்கலாம். மீத்தேன் என்ற பெயருக்கு மூலம் மதுவையும் மரத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொற்கள், பிசாசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். பிசாசு பத்தாதென்று சாராயம் வேறா என்று மாமியார் எழுந்தே போய்விட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அக்காவோ, புதுவீட்டில் செய்வதுபோல அடுப்புக்குப் பொட்டு வைத்து, பால் ஏற்றி, தீக்குச்சியைக் கிழித்தார். நீலச் சுடர், புகையே இல்லை. பால் பொங்கி வழிந்தது. பால் பொங்கிய அடுப்பைப் பழிக்க மாமியாருக்கும் வாய் வரவில்லை. முதல் காபி அவருக்குத்தான் போனது.

அதன்பின் எதை எழுதினாலும் அந்தச் சமையலறையில் படித்துக்காட்டிய பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பேன். ஓய்வுபெற்றும் பழக்கம் விடவில்லை. அக்கா வீட்டைச் சுற்றி இப்போது அடுக்குமாடிகள். ஆனாலும் இரண்டு மாடும் அந்த அடுப்பும் இருக்கின்றன. சென்ற வாரம் பசுமைக்குடில் வாயுக்கள் பற்றி நான் எழுதிய கட்டுரையை அக்காவுக்குத் தொலைபேசியில் படித்துக்காட்டினேன். குளிர்நாட்டில் செடிகளுக்குக் கதகதப்பாகக் கட்டும் கண்ணாடிக் குடிலிலிருந்து வந்த பெயர், மீத்தேனும் அதில் சேர்த்தி, வெளியே விட்டால் பூமி சூடாகும் என்றேன்.

“எரிச்சுட்டா?” என்று கேட்டார்.

எரித்துவிட்டால் அவ்வளவு கெடுதல் இல்லை என்றேன்.

“அப்போ இத்தினி வருசமா பிசாச நான்தான் அடக்கிகினு கீறேன்.”

கட்டுரையின் கடைசி வரியாக அதையே எழுதினேன். தாளை அந்த மஞ்சள் கறையின் மேல் வைத்துக் கோப்பை மூடினேன்.