முருகனைச் சுற்ற இரண்டு விதி

காலை பத்து மணி ஏழு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, நின்றுபோன ஒரு வண்டி. வெட்டிய பனியன் துணிக் கட்டுகளைச் சுமந்து, ஆளில்லாமல் தானே ஓட வேண்டிய தட்டையான மின்வண்டி அது. மாமனாரின் கம்பெனித் தளத்தில் விளக்கை மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் அப்போது நாளிதழ் நிருபர். விடுப்பு நாளில் டீ குடிக்கப் போயிருந்தேன். தளத்தின் நடுவில் முருகன் மேடை. அதைச் சுற்றி வட்டமாக எட்டுத் தையல் மேஜைகள். அவற்றை ஒட்டித் தரையில் வண்டிக்கான கறுப்புக் கோடு. திருநெல்வேலி டெய்லர் ஒருவர் மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "சாமி கும்பிடுதுல்லா, தொந்தரவு பண்ணாதீய."

வண்டியின் அருகே கைகட்டி நின்றவள் என் கொழுந்தியாள். கோயமுத்தூரில் கணித ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு வடிவத்துக்குள் எங்கிருந்தும் எங்கும் போக, குழம்பாத விதிகள் குறைந்தது எத்தனை வேண்டும் என்று பார்ப்பது அவள் வேலை. அதையும் வழுக்கிச் செல்லும் கோடாகப் பார்க்காமல், புள்ளி புள்ளியாகப் பிரித்து எண்ணுவாள். மாமனாருக்கோ கணக்கு என்றால் வரவுசெலவு ஒன்றுதான். "கணக்குத்தானுங்க மாப்பிள்ள புள்ள படிக்குது? நம்ம கணக்கு ரூம்ல சேர் சும்மாத்தான் கெடக்குது" என்பார். மறுநாள் வெளிநாட்டு வாடிக்கையாளர் வருகிறார். அவர் முன்னால் வண்டி ஓடினால் ஆராய்ச்சிக்கு இன்னும் இரண்டு வருடம். ஓடாவிட்டால் அந்த நாற்காலி. மகளிடம் அவர் போட்ட ஒப்பந்தம் இது.

வண்டியை விற்றவர்கள் அதற்கு ஒரே விதி வைத்திருந்தார்கள்: கிட்ட வழியில் போ. ஒன்றாம் மேஜையிலிருந்து ஐந்தாம் மேஜைக்கு அனுப்பினால், நேர் எதிர் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே தூரம். எந்தப் பக்கம் என்று யோசித்து வண்டி அப்படியே நின்றுவிடும். மாமனார் குறுக்கிட்டார்: "சாமியச் சுத்தறதுக்கு என்ன கண்ணு யோசனை? எப்பவும் வலமாப் போகச் சொல்லு." சொன்னாள். போனது. மூன்றாம் மேஜையிலிருந்து பக்கத்திலிருந்த இரண்டாம் மேஜைக்கு அனுப்பியபோது, மற்ற எல்லா மேஜைகளையும் நலம் விசாரித்துவிட்டு வந்து சேர்ந்தது. காத்திருந்த அக்கா ஒருவர், "கைய நீட்டுனா எட்டற தூரமுங்க. இது திருவிழாத் தேராட்ட வருது" என்றார்.

"நடுவுல சாமி இருக்கற வரைக்கும் ஒரு ரூல் பத்தாதுங்கப்பா. ரெண்டு வேணும்" என்றாள் கொழுந்தியாள்.

"சாமி இல்லீன்னா?"

"குறுக்க நேராப் போயிரலாமுங்க. ஒண்ணு போதும்."

மாமனார் முருகனைப் பார்த்தார். முருகன் மாமனாரைப் பார்த்தார். "ரெண்டே போட்டுக்கோ" என்றார்.

நேர் எதிர் மேஜை என்றால் வலம். மற்றதற்கெல்லாம் கிட்ட வழி. அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் வண்டி தடுமாற்றமில்லாமல் ஓடியது. மறுநாள் வாடிக்கையாளர் இரண்டு சுற்றுப் பார்த்துவிட்டுக் கை தட்டினார். ஒரு முறை ஏன் இந்தப் பக்கமாகப் போனது என்று அவர் கேட்டதற்கு, மாமனார் பெருமையாக, "அது பிரதட்சிணமுங்க" என்றார். மொழிபெயர்க்க வந்தவர் அந்த இடத்தில் இருமினார்.

வாடிக்கையாளரின் கார் வாசலைத் தாண்டியதும் மாமனார் மகளின் தலையைத் தடவினார். "இத்தனை வெவரமான புள்ளைய வெளிய அனுப்ப எனக்கென்ன கிறுக்கா கண்ணு? நாளைக்கே கணக்கு ரூமுக்கு வந்துரு."

அவள் குரலை உயர்த்தவில்லை. "வண்டி ஓடுனா ஒண்ணு, ஓடலீன்னா ஒண்ணுன்னு ரெண்டு ரூல் சொன்னீங்கப்பா. இப்பப் பார்த்தா ரெண்டுமே அந்தச் சேர்லதான் கொண்டுவந்து உடுது."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. திருநெல்வேலிக்காரர் நூல் கோர்ப்பதுபோல் குனிந்து சிரித்தார். மாமனார் கறுப்புக் கோட்டின் மேல் கிடந்த நூல் துண்டைக் காலால் ஒதுக்கினார். "சரி, போயிட்டு வா சாமி" என்றார் மகளிடம். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங் மாப்பிள்ள, பேப்பர்ல வார்த்தைய எண்ணித்தானுங்க எழுதறீங்க?"

"ஆமாங்க" என்றேன். என் கையில் டீ இருந்தது.

கொழுந்தியாள் ஆராய்ச்சியை முடித்து இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். வண்டிக்குப் பேட்டரி மட்டும் மாற்றியிருக்கிறோம். விதிகள் அதே இரண்டுதான். இன்று காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு அது ஒன்றாம் மேஜையிலிருந்து ஐந்தாம் மேஜைக்குக் கட்டு ஏற்றிக்கொண்டு, முருகனை வலம் வந்து, கணக்கு அறைக் கதவைத் தாண்டிப் போனது. அந்த நாற்காலியிலிருந்து பார்த்தேன்.